எந்த வழியில் போனாலும் ஈரோடுதான்: வகுப்புக்குக் கிளைக்கதை எழுதுவது எப்படி

கிளைக்கதை எழுத உட்கார்ந்தால் முதலில் எழுதவேண்டியது கடைசிப் பக்கம். "இப்போது நீ என்ன செய்வாய்? இதைச் செய்தால் 7-ஆம் அட்டைக்குப் போ, அதைச் செய்தால் 12-ஆம் அட்டைக்குப் போ" என்று வாசிப்பவரையே கேட்டுக் கேட்டு நகரும் கதையைத்தான் கிளைக்கதை என்கிறேன். பொழுதுபோக்குக்கு எழுதுபவர்கள் எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எங்கே வேண்டுமானாலும் விடலாம். நமக்கு மணி அடித்துவிடும். அதற்குள் எல்லாப் பிள்ளைகளும் ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த இடம் எது என்று முடிவு செய்யாமல் வழி போட முடியாது.

என் எட்டாம் வகுப்புக் கதையை வைத்தே சொல்கிறேன். வாழ்வியல் கணிதத்தில் சதவீதமும் வட்டியும் வரும் இடம். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் மஞ்சள் தெரியாத பிள்ளை கிடையாது. பத்து குவிண்டால் விரலி மஞ்சள், வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, பாலீஷ் போட்டு, மூட்டை பிடித்தாகிவிட்டது. இன்றைய விலை குவிண்டாலுக்கு 12,000 ரூபாய். இன்றே விற்பதா, மூன்று மாதம் குடோனில் போட்டு வைப்பதா? விலையெல்லாம் கணக்கு போட வசதியாக நான் வைத்தது. "இன்னிக்கு ரேட்டு அது இல்லீங் டீச்சர்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். அவன் சொல்லும் விலையைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவிட்டு மேலே போங்கள், பின்னால் உதவும்.

கடைசிப் பக்கத்தில் இருப்பது இந்தக் கணக்கு. இன்றே விற்றால் 1,20,000 ரூபாய். வைத்திருந்தால், ஏற்கெனவே வாங்கிய ஒரு லட்சம் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, மூன்று மாதத்துக்கு 3,000. குடோன் வாடகை குவிண்டாலுக்கு மாதம் 30 வீதம் 900. இருப்பில் இரண்டு சதவீதம் எடை குறைந்து 9.8 குவிண்டால். மூன்று மாதம் கழித்து விலை 12,500. விலை ஏறிவிட்டது என்று வகுப்பே சிரிக்கும். பெருக்கிப் பார்த்தால் 1,22,500. செலவு 3,900 போக மிச்சம் 1,18,600. விலை ஏறியும் 1,400 ரூபாய் நட்டம். சரி, எந்த விலைக்கு விற்றால் கையைக் கடிக்காது? 12,643. இந்த ஒரு எண்ணைப் பிள்ளை தானாகத் தேடிப் பிடிக்கவேண்டும் என்பதற்காகத்தான் மொத்தக் கதையும்.

கடைசிப் பக்கம் தயார். இனி கிளைகள். எல்லாரும் முதலில் செய்ய நினைப்பது, இதுவா அதுவா என்று பிள்ளை எடுக்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாகக் கதையை வளர்த்துக்கொண்டே போவது. ஒரு இடத்தில் இரண்டு வழி என்றால் 2, அடுத்து 4, பிறகு 8, 16, 32. ஐந்தே ஐந்து இடத்தில் கேட்டால் 32 முடிவு, மொத்தம் 63 அட்டை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, மாவாட்டி முடித்து அதை எழுத யாராலும் முடியாது. எழுதினாலும் ஒரு பிள்ளை அதில் ஆறு அட்டையைத்தான் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் வழிகளைத் திரும்ப ஒன்று சேர்த்துவிடுங்கள். அதே ஐந்து தேர்வுக்கு 16 அட்டை போதும். ஒரு பீரியடுக்கு மூன்று தேர்வுக்கு மேல் வேண்டாம், பத்து அட்டையில் முடிந்துவிடும்.

இப்படிச் சேர்ப்பது புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. 1967-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியா அரங்கில், ராடூஸ் சின்செரா என்பவர் உருவாக்கிய கினோ ஆட்டோமாட் என்ற படத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் பொத்தான்கள். முக்கியமான இடத்தில் படம் நிற்கும், மேடையில் ஒருவர் வந்து அடுத்து என்ன நடக்கட்டும் என்று கேட்பார், கூட்டம் பொத்தானை அமுக்கி ஓட்டுப் போடும். எந்தப் பக்கம் ஓட்டு விழுந்தாலும் கதை சுற்றிவந்து அதே அடுத்த கேள்வியில்தான் நிற்கும். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

வகுப்பறைக்கு அந்த வசதி கிடையாது. திரையரங்கில் பார்த்தவர்கள் கலைந்து போய்விட்டார்கள். நம் பிள்ளைகள் பத்தரைக்கோ பதினொன்றுக்கோ இன்டர்வெல் விட்டதும் தண்ணீர்க் குழாய்கிட்ட நின்று, "நீ எதுல போன? உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள். திரும்பி உள்ளே வரும்போதே, "ஏனுங் டீச்சர், எதைத் தொட்டாலும் அதே கணக்குத்தான் வருதுங்!" என்ற குரல் வரும். அடுத்த தடவை அட்டையை எடுத்தால் யோசிக்காமல் மேலே இருப்பதைத் தொட்டுவிட்டு, "சீக்கிரம் கணக்கைக் குடுங்க" என்பார்கள். தனியாக உட்கார்ந்து கதை விளையாடுபவருக்குத் தன் தேர்வால் கதை மாறுகிறது என்ற மாயை கடைசி வரைக்கும் தாங்கும், வகுப்பில் இன்டர்வெல் வரைதான் தாங்கும். அது உடைந்த பிறகும் கதையில் சரக்கு இருக்கிற மாதிரி எழுதுவதில்தான் நம் வேலை இருக்கிறது.

அதற்கு நான் பெரிதும் நம்பும் வழி, வழிகள் ஒன்று சேர்ந்தாலும் பிள்ளையின் கையில் இருப்பது ஒன்றாக இருக்கக் கூடாது என்பது. என் கதையில் ஈரோட்டு மஞ்சள் ஏலக் கூடத்துக்குப் போக டெம்போவில் மூட்டை ஏற்றியாயிற்று. டிரைவர் கேட்கிறார்: "கவுந்தப்பாடி வழியாப் போலாமா, குன்னத்தூர் போயி பெருந்துறை வழியாப் போலாமா?" இரண்டும் ஈரோட்டுக்குத்தான் போகும் என்பது இங்கே எந்தப் பிள்ளைக்கும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. கவுந்தப்பாடி வழியில் போனால் நாட்டுச்சர்க்கரை மூட்டையோடு ஒருவர் ஏறிக்கொள்வார். பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கு அந்த ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருந்துதான் சர்க்கரை வாங்குகிறார்கள் என்று பெருமையாகப் பேசிக்கொண்டே வந்து, குடோன் வாடகை என்ன, மூன்று மாதத்தில் எடை எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லிவிட்டு இறங்குவார். பெருந்துறை வழியில் போனால் தேங்காய்ப் பருப்பு ஏலத்துக்கு வந்த பெரியம்மா ஒருவர் ஏறுவார். அவர் வாயிலிருந்து வட்டி விகிதம் வரும். இரண்டு வழியும் ஏலக் கூடத்தில் சேரும்போது ஒரு பிள்ளைக்கு வாடகையும் எடையும் தெரியும், இன்னொரு பிள்ளைக்கு வட்டி தெரியும். கணக்குக்கு மூன்றும் வேண்டும். வேறு வழியில் வந்த ஆளைத் தேடிப் பிடித்தால்தான் வேலை ஆகும்.

குழாயடியில் நடக்கிற அதே ஒப்பிடலை வகுப்புக்குள் கொண்டுவந்து கணக்கோடு கட்டிவிட்டோம், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு துண்டுத் தகவல் கொடுத்துச் சேர்ந்து முடிக்கவைக்கும் முறையை எலியட் ஆரன்சன் 1971-இல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் பள்ளிகளில் செய்து காட்டினார். அவர் முறையில் துண்டை ஆசிரியர் பிரித்துக் கொடுப்பார். இங்கே பிள்ளை தானாகத் தேர்ந்த வழியில் கிடைத்தது என்பதால், "என்கிட்ட இருக்குதுடா" என்று சொல்வதில் ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: முப்பது பேரும் ஒரே வழியில் போய்விட்டால் கதை கந்தலாகிவிடும். பெருந்துறை வழியில் மட்டும் "பரோட்டா சாப்பிடலாம்" என்று எழுதிவைத்தால் அதுதான் நடக்கும். இரண்டு பக்கமும் சாப்பாடு வையுங்கள்.

அடுத்தது, ஒரே அறைக்கு இரண்டு வாசல். விற்பதா வைப்பதா என்ற தேர்வுதான் கதையின் உயிர், அதை ஒரே அட்டையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிள்ளைகள் மன்னிக்க மாட்டார்கள். வைத்திருக்கிறேன் என்று சொன்ன பிள்ளைக்கு மூன்று மாதம் கழித்து 12,500 விலை வருகிறது, லாபமா நட்டமா என்று அதுவே போட்டுப் பார்க்கவேண்டும். அன்றைக்கே விற்ற பிள்ளையின் அட்டையில் காசு கைக்கு வந்துவிட்டது, கடன் அடைந்துவிட்டது. மூன்று மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாசலில் வந்து நிற்கிறார்: "நீ அவசரப்பட்டு வித்துப்போட்ட கண்ணு. நான் 12,500-க்குக் குடுத்தேன் பாரு!" அவருக்குப் பதில் சொல்லவேண்டும். கணக்கு ஒன்றேதான். ஆனால் ஒரு பிள்ளை தன் முடிவைச் சோதிக்கக் கணக்குப் போடுகிறது, இன்னொன்று தன்னைச் சீண்டியவருக்குப் பதில் சொல்லப் போடுகிறது. இரண்டாவது வகைப் பிள்ளைகள் கணக்கை முடிக்கும் வேகத்தைப் பார்க்கவேண்டும்.

இன்னொரு காரியம், முன்னால் எடுத்த முடிவைப் பின்னால் ஒரு வரியாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கவுந்தப்பாடி வழியில் வந்தவளிடம் ஏலக் கூடத்தில் ஒருவர், "அந்தச் சர்க்கரைக்காரரு உங்க டெம்போவுலயா வந்தாரு?" என்று கேட்டால் போதும். ஒரு வரிதான், கதை எங்கேயும் மாறவில்லை. இருந்தும் தான் சொன்னதைக் கதை காதில் வாங்கியிருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிகிறது. எது கேட்டாலும் காதில் விழாத மாதிரி நகரும் கதையைத்தான் பிள்ளைகள் ஏமாற்று என்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். "அ) நேர்மையாக எடை போடு. ஆ) மூட்டையில் கல்லைப் போடு" என்று எழுதாதீர்கள். எது டீச்சர் எதிர்பார்க்கிற விடை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டால் அது தேர்வே இல்லை. பாதிப் பேர் நல்ல பிள்ளையாக 'அ' தொடுவார்கள், மீதிப் பேர் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று 'ஆ' தொடுவார்கள். இரண்டு பேரும் யோசித்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற, ஊரில் பெரியவர்களே கூடி உட்கார்ந்து பேசுகிற விஷயமாகத் தேடுங்கள். மஞ்சள் விற்பது அப்படி ஒன்று. கிணற்றை ஆழப்படுத்துவதா போர் போடுவதா என்பது இன்னொன்று.

கணக்கு விடையையே தேர்வாக வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அதற்குத் தனி ஒழுங்கு உண்டு. நார்மன் கிரவுடர் என்ற அமெரிக்கர் 1950-களில், விமானப் படையில் பழுது கண்டுபிடிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தில் இருந்து, பக்க வரிசை கலைந்த பாடநூல்களை உருவாக்கினார். ஒரு கேள்வி, சில விடைகள், ஒவ்வொரு விடைக்கும் ஒரு பக்க எண். தவறான விடையைத் தொட்டால் அந்தப் பக்கத்தில் "தவறு, திரும்பிப் போ" என்று மட்டும் இருக்காது. நீ எந்த இடத்தில் சறுக்கியிருப்பாய் என்று விளக்கிவிட்டுத்தான் திருப்பி அனுப்பும். அதே காலத்தில் பி. எஃப். ஸ்கின்னர் செய்த கற்பிக்கும் இயந்திரம் இதற்கு நேரெதிர். தவறே வராத அளவுக்குச் சின்னச் சின்னப் படிகள், எல்லாருக்கும் ஒரே பாதை. நான் கிரவுடர் கட்சி. என் கதையில் வட்டி 12,000 என்று சொல்பவருக்கு ஒரு அட்டை இருக்கிறது: "அது ஒரு வருஷத்து வட்டியாச்சே கண்ணு, மஞ்சள் குடோனில் எத்தனை மாதம் இருந்தது?" தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாமல், போன வருட விடைத்தாள்களைப் புரட்டி எடுங்கள். பிள்ளைகள் செய்கிற தவறு நமக்குத் தோன்றுகிற தவறைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

மூன்றாவதாக எப்போதும் ஒரு வழி வையுங்கள்: "அப்பாருகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்." அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. என் வகுப்பில் அதிகம் தொடப்படுவது இதுதான். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆசிய வழிவந்த அமெரிக்கக் குழந்தைகள் தாங்களே எடுத்த வேலையைவிட அம்மா தேர்ந்தெடுத்தார் என்று சொல்லப்பட்ட வேலையில் நன்றாகச் செய்தார்கள். ஐரோப்பிய வழிவந்தவர்களுக்கு அது தலைகீழ். தீபாவளித் துணிகூட அம்மா எடுத்துக் கொடுத்துப் போடுகிற ஊரில் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஆனால் கதையில் அப்பாரு முடிவைச் சொல்லிவிடக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, "நீயே பாத்து முடிவு பண்ணு சாமி" என்று வெற்றிலையை மடித்துக்கொள்ளட்டும்.

பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத தேர்வுகளைத் தாராளமாகக் கொடுக்கலாம். கதாநாயகி பெயர் என்ன, டெம்போ என்ன நிறம், கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறது. டயானா கார்டோவாவும் அதே லெப்பரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், கணினிக் கணித விளையாட்டில் விண்கலத்துக்குப் பெயர் வைப்பது மாதிரியான சில்லறைத் தேர்வுகளைப் பெற்ற பிள்ளைகள் கூடுதல் ஈடுபாட்டோடு விளையாடினார்கள், கணிதமும் கூடுதலாகக் கற்றார்கள். நமக்கு இதற்கு ஒரு அட்டைகூடச் செலவில்லை, அட்டையில் ஒரு கோடு போட்டு விட்டால் அவர்களே எழுதிக்கொள்வார்கள்.

"நீ யார்?" என்ற முதல் கேள்வியை மட்டும் அந்தச் சில்லறையில் சேர்க்காதீர்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தோட்டம் கிடையாது. மஞ்சள் வெட்டுக்குக் கூலிக்குப் போகிற வீடுகள். "உன் பத்து குவிண்டால் மஞ்சள்" என்று ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை முதல் வரியிலேயே வெளியே நிற்கிறது. அதனால் தோட்டத்துக்காரர் மகள், டெம்போ டிரைவர், ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுபவர் என்று மூன்று பேரை வைத்திருக்கிறேன். விற்கலாமா என்று டிரைவரிடம் யோசனை கேட்காத விவசாயி யார் இருக்கிறார்? டிரைவராக வரும் பிள்ளைக்கும் அதே கணக்கு வரும், யோசனை சொல்பவராக.

தேர்வு இல்லாத இடத்தில் இல்லை என்றே எழுதிவிடுங்கள். கீழ்பவானிப் பாசனம் 2,07,000 ஏக்கர். அதை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு முறை ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குக் கடலை, எள்ளு மாதிரிப் புன்செய்ப் பயிருக்கும் என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடுகிறார்கள். எந்த மதகுக்கு எந்தப் போகம் என்பது விவசாயி கையில் இல்லை. என் இரண்டாவது கதை அங்கேதான் தொடங்குகிறது: "இந்த முறை நன்செய்த் தண்ணீர் உங்கள் மதகுக்கு இல்லை." கேள்வி இல்லை, வழி இல்லை, அடுத்த அட்டைக்குப் போ. பிள்ளைகள் யாரும் முகம் சுளித்ததில்லை. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளும் அப்படித்தான் சொல்கிறது: ஏதேனும் பத்து வினாக்களுக்கு விடையளி, வினா எண் 28 கட்டாயம். 2007-ஐ ஒட்டி நம் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்த செயல்வழிக் கற்றலிலும் பிள்ளை தானே அட்டையை எடுத்தது, தன் வேகத்தில் போனது. ஆனால் எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப் படத்தின் படி வரிசை மாறவில்லை, அந்த ஏணி சுவரிலேயே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. எனக்கு அந்த வெளிப்படை பிடிக்கும். பழைய அட்டைகள் உங்கள் பள்ளி பீரோவில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள், ஓரத்தில் குறியீடு போடும் உத்தியைக் கற்றுக்கொள்ளலாம்.

செய்வதற்கு முதலில் காகிதமே போதும். தடிமனான சார்ட்டைப் போஸ்ட் கார்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். எண்களை வரிசையாகப் போடாதீர்கள். 3-க்கு அடுத்து 4 என்று இருந்தால் எட்டிப் பார்த்துவிடுவார்கள். ஒரு குழுவுக்கு ஒரு கட்டு, நான்கு பேர். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் எல்லா அட்டையையும் தரையில் பரப்பி, சாக்பீஸால் வழிகளை வரையச் சொல்லுங்கள். எங்கே எல்லாம் சேர்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். முன்பு கரும்பலகை ஓரத்தில் எழுதிய அன்றைய விலையை இப்போது எடுத்து, அதை வைத்து 12,643 எப்படி மாறும் என்று போடவைத்தால் வீட்டுப்பாடமும் ஆயிற்று. யார் எந்த வழியில் போனார்கள் என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

காகிதத்தில் ஓடிய பிறகு கணினிக்குப் போகலாம். ட்வைன் என்ற இலவச மென்பொருள் போதும், 2009-இல் கிறிஸ் கிளிமாஸ் உருவாக்கியது. தமிழ் யூனிகோடை அப்படியே ஏற்றுக்கொள்ளும். [[குடோனில் வைக்கிறேன்]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் தட்டினால் அந்தப் பெயரில் புது அட்டை தானாக முளைக்கும், இரண்டுக்கும் நடுவே கோடும் விழும். இரண்டு கிளையிலும் ஒரே பெயரைத் தட்டினால் வழிகள் சேர்ந்துவிடும். முன்பு சொன்ன ஞாபக வரிக்கு, பிள்ளை எதைத் தொட்டது என்று குறித்துவைக்கும் 'மாறி' (variable) என்ற ஒன்றைப் பயன்படுத்த வேண்டும், எக்செல் சூத்திரம் எழுதத் தெரிந்தவருக்கு அது அரை மணி நேர வேலை. பிரவுசரில் எழுதினால் கதை அந்தக் கணினியின் பிரவுசருக்குள்தான் இருக்கும். லேபில் யாராவது ஹிஸ்டரியோடு எல்லாவற்றையும் அழித்துவிட்டால் கதையும் போய்விடும். ஒவ்வொரு நாளும் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள்.

முடிந்த கதை ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பாக வரும். ஹைடெக் லேபில் நெட் இல்லாத நாளிலும் ஓடும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டுப் போனிலும் திறக்கும். வீட்டுக்குப் போன கதைக்கு மறுநாளே திருத்தம் வரும் என்பதற்காகக் காலி அட்டைகள் சில எப்போதும் இருக்கட்டும். "எங்க அப்பாரு 12,643 கட்டாதுங்கறாருங் டீச்சர். ஏத்துக்கூலி எறக்குக்கூலியச் சேக்கவே இல்லையாமா." எவ்வளவு கூலி என்று அப்பாருவிடமே கேட்டுவரச் சொல்லுங்கள். அடுத்த அட்டையை அந்தப் பிள்ளையே எழுதட்டும்.